சொட்டுக் கணக்கு

அசைக்ளோவிர் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. பெரும்பகுதி உருமாறாமல் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறும். வேகமாக ஏற்றினாலோ, உடம்பில் நீர் வற்றியிருந்தாலோ, சிறுநீரக நுண்குழாய்களில் ஊசி ஊசியாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு டோஸையும் ஒரு மணி நேரம் இழுத்து இறக்குவது அதனால்தான்.

வாயோரம் கொப்புளம் கிளப்புமே, அதே ஹெர்பிஸ் வைரஸ்தான் அப்பாவின் மூளைக்குள் போயிருந்தது. எட்டு மணி நேரத்துக்கு ஒரு டோஸ். நான்காம் நாள் கிரியேட்டினின் 0.9லிருந்து 2.6.

"நிறுத்திடலாமா டாக்டர்?"

"நிறுத்தினா ஆளே தங்க மாட்டார் தம்பி. டோஸைக் குறைச்சு, சலைனைக் கூட்டிப் பார்ப்போம்."

என் வேலையில் சிக்கல் வந்தால் பழைய வெர்ஷனுக்குத் திரும்பிவிடுவோம். இங்கே அது நடக்காது. சலைன் சொட்டையும் மூத்திரப் பையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழாம் நாள் 1.7. இன்னும் இரண்டு வார மருந்து பாக்கியிருந்தது.