முதலில் ஏற வேண்டியது தண்ணீர்

வீட்டுக்கு ஒரு கிரைண்டர் வாங்குவதென்றாலே நாலு கடை ஏறி இறங்கி, தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்து, பிறகுதான் பணத்தை எடுப்போம். அப்படியிருக்க, சமையலறை, படுக்கையறை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கரடுமுரடான பாதையில் போகிற வண்டியை வாங்க எவ்வளவு யோசிக்க வேண்டும்! நாங்களும் யோசித்தோம். ஆனால் முக்கியமானதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் யோசித்தோம்.

நாங்கள் இருப்பது தெற்கு ஆஸ்திரேலியாவில், அடிலெய்டு நகரில். பள்ளி விடுமுறை விட்டால் போதும், இங்கே குடும்பம் குடும்பமாக வண்டியில் கூடாரத்தைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கும் ஆசை வந்துவிட்டது.

எனக்கு வேன்தான் பிடித்திருந்தது. உள்ளேயே படுக்கலாம், மழை வந்தால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். "வேன் தார்ச்சாலைக்கும் நல்ல மண்சாலைக்கும் சரி. மணலிலும் ஓடையிலும் அடி தட்டும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் வேணும்" என்றார் இவர். கடைசியில் பழைய டொயோட்டா லேண்ட் குரூசர் ஒன்று வாங்கினோம். 'ட்ரூப்பி' என்று இங்கே செல்லமாகச் சொல்கிற நீளமான வகை. பின்னால் பக்கவாட்டில் பெஞ்சுகள் இருந்தன. குழந்தைகளை அப்படி உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. முன்நோக்கிய இருக்கைகளும், குழந்தை இருக்கையை மாட்டும் கொக்கிகளும் முறைப்படி பொருத்திச் சான்று வாங்கினோம். நாங்கள் செய்த முதல் நல்ல காரியம் அது.

அதற்குப் பிறகு ஆசைக்கு அளவில்லாமல் போயிற்று. முன்பக்கம் இரும்புத் தடுப்பு, சேற்றிலிருந்து இழுக்கும் வின்ச், கூரைமேல் இரும்புத் தட்டு, அதன்மேல் கூடாரம், இரண்டாவது பேட்டரி, ஃபிரிட்ஜ் என்று இவர் அடுக்கினார். நான் மட்டும் இளைத்தவளா? குக்கர், இட்லிப் பானை, பத்து கிலோ அரிசி, தோசைக்கல் என்று என் பங்குக்கு ஏற்றினேன்.

கிளம்புவதற்கு முதல் நாள், குடும்பத்தோடு எடை மேடையில் வண்டியை நிறுத்தினோம். ஒவ்வொரு வண்டிக்கும், ஆட்கள், எரிபொருள், சாமான் எல்லாம் சேர்ந்து இவ்வளவுதான் என்று சட்டப்படி ஒரு வரம்பு உண்டு. நாங்கள் 40 கிலோ கூடுதல்!

"தண்ணி கேன் ரெண்டை இறக்கிட்டா கணக்கு சரியாப் போச்சு" என்றார் இவர். இருபது லிட்டர் கேன்கள் நாலு வைத்திருந்தோம். இட்லிப் பானையை இறக்க மனமில்லாமல் நானும், "சரிங்க, வழியிலே பிடிச்சுக்கலாம்" என்றேன்.

ஊட்னடாட்டா டிராக் என்பது மாரீ என்ற சிற்றூரிலிருந்து மார்லா வரை சுமார் 620 கிலோமீட்டர் நீளும் மண்சாலை. 1980 வரை ஓடிய பழைய 'கான்' ரயில் பாதையை ஒட்டியே பெரும்பாலும் போகிறது. ரயில் வருமுன் இங்கே சரக்கு சுமந்தவை ஒட்டகங்கள். அவற்றை ஓட்டி வந்தவர்கள் ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் அன்றைய இந்தியாவின் வடமேற்கிலிருந்தும் வந்தவர்கள். மாரீயில் பேரீச்ச மரங்களைப் பார்த்ததும் என்னவோ நம் பக்கத்து மனிதர்களைப் பார்த்த மாதிரி இருந்தது.

இரண்டாம் நாள் மாலை கவர்ட் ஸ்பிரிங்ஸ் வந்தோம். பழைய ரயில் நிலையம், பேரீச்ச மரங்கள், பூமிக்கடியிலிருந்து வரும் நீரில் ஒரு சின்னக் குளியல் தொட்டி. குடிக்கிற தண்ணீரை மட்டும் நாம்தான் கொண்டுபோக வேண்டும். அன்றிரவு மழை கொட்டியது. விடிந்து பார்த்தால் செம்மண் பசையாகிவிட்டது. சாலையை மூடிவிட்டார்கள். மூடிய சாலையில் ஓட்டினால் அபராதம் உண்டு, ஓட்டவும் முடியாது.

மூன்று நாள் அங்கேயே இருந்தோம். இரண்டாம் நாள் சின்னவனுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். கேனில் இருந்ததோ 14 லிட்டர். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஸ்பூனால் கொடுத்துக்கொண்டே இருந்தேன். துணி அலசவும் கை கழுவவும் தண்ணீர் வேண்டுமே! அந்தப் பளபளக்கும் வின்ச்சைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

பக்கத்தில் ஒரு வயதான தம்பதி. வெறும் பழைய வேன். உள்ளே ஒரு பாய், ஒரு அடுப்பு, இரண்டு ஸ்டெப்னி, தரையோடு தரையாகப் பெரிய தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். என் முகத்தைப் பார்த்தே அந்த அம்மாள் புரிந்துகொண்டாள். கேட்காமலே ஒரு கேன் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "வண்டிக்குள் முதலில் ஏற வேண்டியது இதுதான்" என்றாள். மறுநாள் சின்னவன் கண் விழித்துச் சிரித்தான்.

ஊர் திரும்பியதும் வின்ச்சும் கூரைத் தட்டும் இறங்கின. கூரைமேல் பாரம் கூடினால் வளைவில் வண்டி சாயும் அபாயமும் கூடும். அதற்குப் பதில் தாழ்வாக, பின் அச்சுக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டி வைத்தோம். கனமான ஈய பேட்டரிக்குப் பதில், பாதி எடைகூட இல்லாத லித்தியம் பேட்டரி. ஸ்பிரிங்கைத் தடிப்பாக மாற்றினால் மட்டும் வரம்பு உயர்ந்துவிடாது. முறைப்படி சான்று வாங்க வேண்டும் என்றும் தெரிந்துகொண்டோம்.

செலவு செய்வதென்றால் முதலில் டயருக்குச் செய்யுங்கள். நாங்கள் தார்ச்சாலையில் 40 பவுண்டு காற்று வைத்தால், மண்சாலையில் 28க்கு இறக்கி மெதுவாகப் போகிறோம். தார்ச்சாலை வந்ததும் மறுபடி ஏற்றிவிடுவோம். இரவு குளிருக்கு வண்டிக்குள் அடுப்பு மூட்டாதீர்கள். நிறமும் வாசனையும் இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஒரே சட்டம்: ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர், போகிற நாட்களோடு மூன்று நாள் சேர்த்து. அது ஏறின பிறகு மிச்சமிருக்கும் எடைக்குத்தான் மற்றதெல்லாம்.

இட்லிப் பானையா? வீட்டிலேயே இருக்கிறது. காட்டில் உப்புமா போதும்!