தூத்தாச்சா?

மகளுக்கு இங்கே பள்ளியில் ஸ்பானிஷ் பாடம். போன வாரம் வீட்டு வேலைச் சொற்கள். 'பர்ரேர்' என்றால் பெருக்குவதாம், லத்தீன் 'வெர்ரேரே'யிலிருந்து வந்ததாம். "நம்ம சொல் எங்கேருந்துப்பா வந்தது?" என்றாள். "எந்தச் சொல்?" என்று கேட்டு மாட்டிக்கொண்டேன்.

தங்கமணி தஞ்சாவூர்க்காரர், பெருக்குவார். பக்கத்து யாழ்ப்பாணத்து அக்கா கூட்டுவார். (காமர்ஸ் படித்தவனுக்கு ஒன்று பெருக்கல், மற்றது கூட்டல்!) நான் வளர்ந்த பாறசாலைப் பக்கத்தில் இரண்டும் கிடையாது. "மக்களே, முற்றம் தூக்கணும்" என்பாள் அம்மா. முற்றத்தைத் தலையில் தூக்க வேண்டியதில்லை :-) மலையாளத்திலும் இதே கதைதான். தொங்கவிட்டால் 'தூக்கி', பெருக்கினால் 'தூத்து'. இறந்தகாலம் வந்தால்தான் குழப்பம் தீரும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சென்னையில் "ரூம் தூக்கணும்" என்று சொல்லி, அறை நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றோடு நானும் பெருக்க ஆரம்பித்தேன். மலையாளம் கலந்த சொல் என்று கூச்சம் வேறு.

கூச்சம் தேவையே இல்லை. தமிழ் அகராதியில் 'தூர்த்தல்' என்பதற்குப் பெருக்குதல் என்றும் பொருள் உண்டு. 'பார்த்து' பாத்து ஆனதுபோல 'தூர்த்து' தூத்து ஆகியிருக்கும் என்பது என் கணக்கு. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளைக்கு இரண்டு பக்கமும் அதே சொல்லால்தான் தூத்துக்கொண்டிருந்தார்கள்.

மகளிடம் இதையெல்லாம் பெருமையாகச் சொன்னேன். தூப்பு, தூப்புகாரி என்று போனது பேச்சு. குமரி மாவட்டத்து மலர்வதி 'தூப்புக்காரி' என்றே நாவல் எழுதி 2012-ல் சாகித்ய அகாதமியின் யுவ புரஸ்கார் வாங்கியதையும் சொன்னேன். எங்கள் பள்ளியிலும் ஒரு தூப்புகாரி இருந்தார், மணி அடிக்கும் முன்பே மைதானம் முழுக்கத் தூத்து முடித்திருப்பார் என்றேன்.

"அவங்க பேரு என்ன?"

தெரியவில்லை. பத்து வருடம் அவர் முகத்துக்கு நேரேயே தூப்புகாரி என்றுதான் கூப்பிட்டோம், வாத்தியார்கள் உட்பட.

சனிக்கிழமை காலை அம்மாவுக்குப் போன் போட்டேன். யோசிக்காமல் பெயரைச் சொன்னாள். மகனுக்கு எங்கே வேலை, எப்போது இறந்தார் என்பதுவரை சொன்னாள். பிறகு, "விளக்கு வைக்க நேரமாச்சு மக்களே, அதுக்கு முன்ன முற்றம் தூக்கணும். வச்சிரட்டா?"