எஃப் கார்டும் என் அவசரமும்



சில மாதங்களுக்கு முன் ஞாயிறு ஆராதனையில், பாடலின் நடுவே கித்தார் நின்றுபோனது. சபையார் பாடிக்கொண்டே இருந்தார்கள்; வாசித்த தம்பி தலைகுனிந்து விரல்களுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தான். ஆராதனை முடிந்ததும், "நன்றாகப் பழகிவிட்டு வந்திருக்கலாமே" என்றேன். அடுத்த இரு வாரங்கள் அவன் கித்தாரைக் கொண்டுவரவில்லை.

இசைக்குழுவின் மூத்த சகோதரரை அழைத்துக்கொண்டு அவன் வீட்டிற்குச் சென்றேன். "சி கார்டுல இருந்து எஃப்புக்குப் போறதுக்குள்ள பாட்டு போயிடுது, ஐயா" என்றான். என் முகம் சுருங்கியது. பதினேழு வயதில் இதே கார்டில் தோற்று, கித்தாரைப் பரணில் போட்டவன் நான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

உங்கள் பிள்ளைகளும் இதே இடத்தில் தடுமாறிக்கொண்டிருக்கலாம். ஆகவே அன்று சகோதரர் காட்டியதை எழுதுகிறேன். எஃப்பின் முழு வடிவத்தில் ஆள்காட்டி விரல் முதல் ஃப்ரெட்டில் ஆறு தந்திகளையும் சேர்த்து அழுத்த வேண்டும். பழகாத கைக்கு அது பெரும் பாரம். அதற்குப் பதிலாக எஃப் மேஜர் செவனை அவர் பிடிக்கச் சொன்னார். சி கார்டில் இரண்டாம் தந்தியின்மேல் இருக்கும் ஆள்காட்டி விரலை எடுக்கவே வேண்டாம். நடுவிரலும் மோதிர விரலும் அதே ஃப்ரெட்டுகளில், மெல்லிய தந்திகளின் பக்கமாக ஒவ்வொரு தந்தி நகர்ந்தால் போதும். மேலுள்ள இரு தடித்த தந்திகளை மீட்டலாகாது. அசல் எஃப்பைவிடச் சற்று மென்மையாக ஒலிக்கும். சபைப் பாடலுக்கு அது தாராளம்.

முதலில் மீட்டாமல், இடக்கையை மட்டும் மெதுவாக மாற்றி மாற்றி வைக்கச் செய்தார். பிறகு ஒரு கட்டளை: வலக்கை நிற்கவே கூடாது. தாளத்தின் கடைசி அரைத்தட்டில் விரல்களை எடுத்துவிட்டு, வெறும் தந்திகளை ஒலிக்கவிடலாம். கேட்பவருக்கு அது உறுத்தாது. தாளம் அறுந்தால்தான் உறுத்தும்.

எஃப் ஸ்கேல் பாடல்களில் பி ஃபிளாட்டும் வந்து வருத்தும். மூன்றாம் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டினால் எஃப், பி ஃபிளாட், சி ஆகிய மூன்றுக்கும் டி, ஜி, ஏ வடிவங்களே போதும். இதைக் குறுக்குவழி என்று இகழ்வோர் உண்டு. அவர்கள் விரல்கள் நெடுநாள் பழகியவை.

கடந்த ஞாயிறு தம்பி வாசித்தான். ஓரிடத்தில் விரல் தவறியது, வலக்கை நிற்கவில்லை. மாலையில் பரணிலிருந்து என் கித்தாரை இறக்கினேன். ஆறு தந்திகளும் துருப்பிடித்திருந்தன. புதியவை வாங்கித் தருவதாகத் தம்பி சொல்லியிருக்கிறான்.