ஏரிக்கரை எலும்புகள்

ஷிப்டுப் பேருந்து வந்தால் எழுவதும், வீடு கொண்டு சேர்த்தால் உறங்குவதுமாக நாள்களைக் கழிக்கும் தண்டலத்திலிருந்து, இமயத்து ஏரியொன்றைக் காணச் சென்றோம் என்றால், "புண்ணியம் தேடவா?" என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இல்லை, தோழர்களே! எலும்புகளைக் காணச் சென்றோம்.

உத்தரகாண்டத்தில், திரிசூல மலையின் மடியில், 16,000 அடிக்கு மேல் கிடக்கும் சிறு ஏரி ரூப்குண்டம். நந்தாதேவி யாத்திரையின் வழியிலே உள்ளது. 1942இல் வனத்துறை அலுவலர் ஒருவர் அதன் கரையிலே மனித எலும்புகள் குவிந்து கிடப்பதைக் கண்டார்.

2017இல் நாம் நால்வர் சென்றோம். வாண் சிற்றூர் கடந்து, பேத்னி புல்வெளி கடந்து, பாதர் நாச்சவுனி என்னும் இடத்தை அடைந்ததும் வழிகாட்டி நின்றார், கதை சொன்னார். கன்னோசி மன்னன் ஒருவன் ராணியோடும் ஆடல் மகளிரோடும் இவ்வழி வந்தானாம். ஆடல் கண்டு தேவி வெகுண்டாளாம். ஆடிய மகளிர் கல்லாயினராம். மேலே சென்ற ராணி பிள்ளை பெற்றாளாம், தீட்டுப்பட்டதாம், கல்மழை பொழிந்து கூட்டமே மாண்டதாம்.

ஆடச் சொன்னவன் மன்னன். முதல் தண்டனை ஆடியவளுக்கு! உடன் அழைத்து வந்தவன் மன்னன், பழியோ பெற்றவளுக்கு! இதுவா தெய்வ நீதி?

மறுநாள் ஏறினோம். பத்தடிக்கு ஒருமுறை நின்றோம். அவ்வுயரத்திலே மூச்சுக்குக் கிட்டும் பிராணவாயு, கடல்மட்டத்தில் கிட்டுவதில் ஏறத்தாழப் பாதிதான். நம் தலைவலிக்குக் காரணம் அதுவே, தேவியின் சினமன்று. கரையிலே எலும்புகள் கிடந்தன. பேச்சற்று நின்றோம்.

ஊர் திரும்பியதும் படிப்பகத்திலே முழங்கினோம். "2004இல் சென்ற ஆய்வாளர்கள் மண்டையோடுகளில் அடிபட்ட தடங்களைக் கண்டனர். இயற்கையின் கல்மழை ஒன்று, ஒரே நாளில், அனைவரையும் கொன்றது. தேவியுமல்ல, தீட்டுமல்ல!" கைதட்டல் எழுந்தது. நாமும் மகிழ்ந்தோம்.

2019இல் புதிய ஆய்வு வெளிவந்தது. 38 பேரின் எலும்புகளிலிருந்து மரபணு எடுத்து ஆராய்ந்திருந்தனர். 23 பேர் தெற்காசிய மரபினர். 14 பேர் கிழக்கு மத்தியதரைக் கடற்பகுதி மரபினர். ஒருவர் தென்கிழக்காசிய மரபினர். முன்னவர் மாண்டு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்தே மற்றவர் மாண்டனர். ஒரே கூட்டமுமல்ல, ஒரே நாளுமல்ல! நாம் முழங்கியது பிழை.

அடுத்த கூட்டத்தில், ஆலையிலே பணிபுரியும் தங்கை ஒருத்தி எழுந்தாள். "அண்ணா, என் தலைப்பிள்ளை பத்தாம் நாளிலே போயிற்று. தீட்டோடு பூசையறைக்குள் நுழைந்தேனாம், அதனால்தானாம். உங்கள் கல்மழையைச் சொல்லித்தான் அவர்கள் வாயை அடைத்தேன். அதுவே தவறு என்றால், இனி என்ன சொல்வேன்?"

அரங்கம் அடங்கிற்று. நாம் தலைகுனிந்தோம், பிறகு சொன்னோம்: "அம்மா, பிழை எமது. தெரிந்தது கொஞ்சம், அதை முழுமை என்று முழங்கினோம். ஆனால் அப்பிழையைக் காட்டியது எது? சாமியாடியின் வாக்கா? இல்லை, எலும்பை எடுத்து, அளந்து, ஆய்ந்த அறிவு. மத்தியதரைக் கடல் மரபினர் அங்கு ஏன் வந்தனர் என்பது விளங்கவில்லை; விளங்கவில்லை என்றே அவர்கள் எழுதினர். உன்னைத் தூற்றியவர்களைக் கேள்: உங்கள் தீட்டை எவர் அளந்தார்? எந்நாளேனும் 'பிழைத்தோம்' என்று சொன்னீர்களா?"

அவள் கண் துடைத்தாள். "கேட்கிறேன், அண்ணா" என்றாள்.

தோழர்களே! மேடையேறுமுன் ஒன்றை எண்ணுவோம். நம் சொல்லை ஆயுதமாக ஏந்தி, வீட்டுக்குள்ளே தனித்துப் போராடுகிறாள் ஒருத்தி. துருப்பிடித்த வாளை அவள் கையில் கொடுக்கலாமா?