கொட்டாஞ்சேனை கற்பித்த பாடம்

கொழும்பின் தெற்குப் புறத்தில் வெள்ளவத்தை. வடக்குப் புறத்தில் கொட்டாஞ்சேனை. தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் இவ்விரு பகுதிகளுக்கும் இடையே சுமார் பத்துக் கிலோமீற்றர் தூரமே உண்டு. இதனை ஒரு பிரயாணம் என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும். ஆனால், இருபது வயதை எட்டிய டீசல் ஜீப் ஒன்றில், எஞ்சின் நடுங்க நடுங்க, 2023ஆம் ஆண்டின் ஒரு சனிக்கிழமை காலை நான் புறப்பட்டபோது அது நெடும்பிரயாணமாகவே இருந்தது.

முழங்கால் நோயுள்ள என் தாயார் கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசர் ஆலயத்துக்குச் செல்வது அந்த ஜீப்பில்தான். சில வாரங்களாக அது காலையில் எளிதில் இயங்க மறுத்தது. இயங்கினாலும் நொண்டிக் குதிரைபோல் தடுமாறியது. ஏற்றங்களில் கரும்புகை கக்கியது. ஒரு கராஜில் காட்டினேன். மூடியைத் திறந்து ஒரு நிமிடம் செவிசாய்த்தவர், "நாலு இன்ஜெக்டரையும் மாத்த வேணும், சேர்" என்றார். அவர் கூறிய தொகை என்னுடைய பல மாதச் சம்பளம். வண்டியை விற்றுவிடலாமெனினோ, 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி அப்போதும் தொடங்கவில்லை. பழைய வண்டிகளே பொன்விலை விற்றன.

காலி வீதியில் பூக்கடைகளும் புடைவைக் கடைகளும் கதவு திறக்கும் வேளை. இடப்புறத்து ஒழுங்கைகளின் முடிவில் ரயில் பாதையும் அதற்கப்பால் கடலும் தோன்றி மறைந்தன. பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி கடந்து, மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தையை அடைந்தேன். வாகன உதிரிப்பாகங்களுக்குப் பெயர்பெற்ற இடம் அது. கதவு, கண்ணாடி, கியர்ப்பெட்டி எனக் கழற்றப்பட்ட வண்டிகளின் அங்கங்கள் கூரை வரை அடுக்கப்பட்டிருந்தன.

பாவித்த ஜப்பானிய இன்ஜெக்டர்களை விலை கேட்டேன். கடைக்கார நானா, "நாலில எது பழுது?" என்றார். விடை சொல்லத் தெரியவில்லை. "அது தெரியாம வாங்காதீங்க, சேர்" என்று தம் வியாபாரத்தைத் தாமே விலக்கி, கொட்டாஞ்சேனையில் ஒரு பட்டறைக்கு வழி சொன்னார்.

ஆமர் வீதிச் சந்தியைத் தாண்டி, சாந்த லூசியா பேராலயத்தின் பெரிய கோபுர மண்டபம் தெரியும் திசையில் ஒரு குறுகிய ஒழுங்கை. பட்டறையின் உரிமையாளர் அறுபது கடந்த முதியவர். வேலைக்கு முன் மேசையைத் துடைத்தார், கையைக் கழுவினார். "தூசிதான் இதுக்கு யமன்" என்றார்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அமுக்கத்தால் கொதிப்பேறிய காற்றினுள் எண்ணெய் நுண்துளிகளாகத் தெளிக்கப்பட, அது தானே பற்றிக்கொள்கிறது. தெளிக்கும் உறுப்பே இன்ஜெக்டர். இவ்வகை வண்டிகளில் எண்ணெயின் அழுத்தம் 1,600 பார் அளவுக்கு உயரும். கார் ரயரின் காற்றழுத்தத்தைப்போல் எழுநூறு மடங்குக்கும் மேல்! "முந்திய மெக்கானிக்குகள் குழாயின் நட்டைத் தளர்த்திப் பார்ப்பார்களே, அண்ணை?" என்றேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். "அது பழைய எஞ்சினுக்கு. இதிலே அப்படிச் செய்தால் எண்ணெய் தோலைத் துளைச்சு உள்ளே போகும். கையையே எடுக்க வேண்டி வரும்."

எஞ்சினை ஓடவிட்டு, இன்ஜெக்டர்களின் மின்னிணைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். முதலாவதைக் கழற்றியதும் நடுக்கம் மிகுந்தது. அது ஒழுங்காக வேலை செய்கிறது என்பது பொருள். மூன்றாவதைக் கழற்றியபோது மாற்றமேயில்லை. அதன்பின், இன்ஜெக்டர்களிலிருந்து மிகுதி எண்ணெய் திரும்பும் வழிகளில் நான்கு சிறு போத்தல்களைப் பொருத்தினார். சில நிமிடங்களில் மூன்று போத்தல்கள் ஏறக்குறையச் சமமாய் நிற்க, மூன்றாம் இன்ஜெக்டரின் போத்தல் மட்டும் இருமடங்கு நிரம்பியது. அதனுள்ளே கசிவு. மற்ற மூன்றும் குற்றமற்றவை. ஒருவன் செய்த குழப்பத்துக்காக முழு வகுப்பையும் நான் நிற்கவைத்த நாட்கள் நினைவுக்கு வந்தன.

பின்பு வடிகட்டியின் அடியிலிருந்த எண்ணெயை ஒரு கண்ணாடிக் குவளையில் வடித்தார். அடியில் பழுப்பு நிறத் தண்ணீர் தனியே தங்கியது. 2022ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்தில் வரிசையில் நின்று பெற்றதைக் கலன்களில் மாதக்கணக்கில் சேமித்து, அப்படியே ஊற்றியவன் நான். அதன் பிறகு வடிகட்டியையும் மாற்றவில்லை. டீசலே இன்ஜெக்டரின் அசையும் பாகங்களுக்கு மசகு. தண்ணீர் கலந்தால் அவை தேய்ந்து துருவேறும். மண்ணெண்ணெய் கலந்தாலும் மசகு குன்றும். குற்றவாளியைத் தேடி நகரமெல்லாம் அலைந்தவனுக்கு அவன் வீட்டிலேயே அகப்பட்டான்.

பழுதான ஒன்றை மட்டும் திருத்திச் சோதனைப் பொறியில் ஏற்றி அளந்து, அடியில் புதிய செப்பு வளையமிட்டுப் பூட்டினார். புதிய இன்ஜெக்டர் இட்டால் அதன் குறியீட்டு எண்ணை வண்டியின் கணினியில் பதியவேண்டுமென்றும் எச்சரித்தார். செலவு, முன்பு கேட்ட தொகையில் ஒரு சிறு பங்கே. வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுதல், அடியில் தங்கும் தண்ணீரை இடையிடையே வடித்தல், தாங்கியை வெறுமையாக விடாதிருத்தல் ஆகிய மூன்றையும் விரல்விட்டு எண்ணிச் சொல்லி அனுப்பினார்.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கியது. ஆயினும் வரிச்சுமையால் புதிய வண்டி எம்போன்றோருக்கு எட்டாக்கனியே. எங்கள் ஜீப் இன்றும் ஓடுகிறது. பழுதுபார்த்த மறுவாரம் கருங்கல் ஆலய வாசலில் அம்மாவை இறக்கியபோது, "என்ன தம்பி, எஞ்சினை நிப்பாட்டிப்போட்டியோ?" என்று கேட்டார். நிறுத்தவில்லை, அது அவ்வளவு அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது.