மூன்று பல்

நான் செய்த மோசடி மொத்தம் மூன்று பல். மோட்டார் முனையில் 22 பல் பினியன், அதாவது சின்னப் பல்சக்கரம், இருக்க வேண்டிய இடத்தில் 25 பல் பினியனை மாட்டி ஒரு சீசன் முழுக்க ஓட்டினேன். கையில் காசு இல்லாதவர்களும் ஓட்ட வேண்டும் என்று எங்கள் குழுவுக்கு ஒரு விதி உண்டு. அதை எழுதியவனும் நான், மீறியவனும் நான். யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதால்தான் இதை நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

விஷயம் ரிமோட் கார் பந்தயம். கோயம்புத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் பார்க்கிங்கில் நடக்கும். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மேனேஜர் கேட்டைத் திறந்துவிடுவார். அதனால் ஊரே மங்கல காரியங்களை ஒத்திவைக்கும் ஆடியும் மார்கழியும்தான் எங்களுக்குக் கொண்டாட்டமான மாதங்கள். பழைய தண்ணீர் ஹோஸை வளைத்துப் போட்டால் டிராக். லேப் எண்ண ஒரு நோட்டும், யார் வீட்டிலிருந்தாவது வந்த ஒரு பிள்ளையும் போதும். ஒரு பந்தயம் ஓட்டி முடித்தவர்கள் அடுத்த பந்தயத்தில் வளைவுகளில் நின்று, கவிழ்ந்த காரை நிமிர்த்திவிட வேண்டும். உலகம் முழுக்க இதுதான் வழக்கம்.

ஆரம்பத்தில் ஆளுக்கொரு கார் வைத்திருந்தோம், சிரித்துக்கொண்டே ஓட்டினோம். பிறகு எங்களில் தொழில் நன்றாக நடக்கிற ஒருவர் பிரஷ்லெஸ் மோட்டாரோடு வந்தார். நேர்கோட்டில் அவர் கார் போனதைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் அன்று சாப்பிடக்கூட நிற்காமல் கிளம்பினார்கள். அடுத்து இன்னும் இரண்டு பேர் மாற்றினார்கள். பிரஷ்லெஸ் மோட்டாரை மட்டும் வாங்கினால் ஆகாது. அதற்கென்று தனி இஎஸ்சி வேண்டும். ரிமோட் கேட்கிற அளவுக்கு மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடுகிற பெட்டி அது. அந்த வேகத்துக்குப் பழைய பேட்டரி பத்தாது, லிப்போ வேண்டும். லிப்போவில் ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றினால் வீங்கும், தீயும் பிடிக்கும். ஆகவே செல் செல்லாகச் சமன் பார்த்து ஏற்றும் சார்ஜர் வாங்க வேண்டும், சார்ஜ் போடும்போது வைக்கத் தீப்பிடிக்காத பை வாங்க வேண்டும். எல்லாம் வாங்கிய பிறகு பிளாஸ்டிக் கியர் பல் உதிரும். சுவரில் ஒரு முட்டு முட்டினால் சஸ்பென்ஷன் ஆர்ம் இரண்டாகும். கார் வாங்கிய காசு மறந்தேபோகும்.

இவையெல்லாம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியவை. பொம்மைக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. நரைத்த தலையோடு நாங்கள் வெயிலில் நின்று சண்டை போடுவதைச் சுங்க அதிகாரிகள் பார்த்ததில்லை. அவர்கள் கணக்கில் இது பொம்மை. எங்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் என்றால் சிங்கப்பூரிலிருந்து யாருடைய மச்சானாவது எப்போது வருகிறார் என்று விசாரிப்பதுதான்.

துணிக்கடையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் அப்போதுதான் வருவதை நிறுத்தினார். “உங்களோட ஈடு கொடுக்க முடியாதுங்ணா” என்றார். பிறகு இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். அந்தக் கோபத்தில்தான் ஓர் இரவு உட்கார்ந்து விதியை எழுதினேன். அந்தக் கோபம் நிஜமானது. அதில் பொய் இல்லை.

எல்லோருக்கும் ஒரே கார், டமியா கம்பெனியின் டிடி-02. 2013இல் வந்தது. பத்தில் ஒரு பங்கு அளவு, பிளாஸ்டிக் சேஸி, ஷாஃப்ட் வழியாக நான்கு சக்கரத்துக்கும் இழுவை. மோட்டார் பெட்டியில் வரும் 540 பிரஷ் மோட்டார்தான். டமியா 1976இல் தன் முதல் ரிமோட் காராக போர்ஷே 934ஐ விட்டபோது அதில் இருந்ததும் இந்த 540 அளவு மோட்டார்தான். பேட்டரி 7.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. பினியன் பெட்டியில் வரும் 22 பல், அது சுழற்றும் பெரிய ஸ்பர் கியர் 70 பல். டயர் சீசனுக்கு ஒரே செட். பேரிங்கும் டேம்பரும் அவரவர் விருப்பம்.

வேலை செய்தது. போனவர்கள் திரும்பி வந்தார்கள். கார்கள் எல்லாம் ஒரே வேகம் என்பதால் ஒன்றின் பம்பரை ஒன்று உரசிக்கொண்டு போகும். யார் வளைவில் பொறுமையாக நுழைகிறாரோ அவர் ஜெயித்தார். அந்த ஆள் நானாக இல்லை என்பதுதான் பிரச்சினை.

கார் நம்மைவிட்டு விலகிப் போகும்போது யாரும் ஓட்டலாம். நம்மை நோக்கித் திரும்பி வரும்போது இடது வலதாகும், வலது இடதாகும். கை பழக வேண்டும். காலி இடத்தில் தினம் ஒரு பேட்டரி ஓட்டினாலே பழகிவிடும், ஒரு பைசா செலவில்லை. நான் பழகவில்லை. குழுவை ஆரம்பித்தவன், விதி எழுதியவன், எல்லோருக்கும் அண்ணன். நான் தனியாகப் போய் எட்டுப் போட்டுப் பழகுவதா என்று ஓர் இறுமாப்பு. தம்பி ஜெயித்தார். அவருக்குக் கை தட்டினேன். வீட்டுக்கு வந்து 25 பல் பினியன் ஒன்று ஆர்டர் போட்டேன். விலை இரண்டு பிரியாணிக்குள் அடங்கியது. சிக்கனப் பந்தயத்தில் மோசடிகூடச் சிக்கனமாகத்தான் முடிந்தது.

டிடி-02இல் கியர்கள் மூடிக்குள் இருக்கும். மோட்டாரைக் கழற்றாமல் பினியனைப் பார்க்க முடியாது. பினியனை எப்படிச் சோதிப்பது என்று என் விதியில் ஒரு வரிகூட இல்லை. எழுதும்போது அது வெறும் மறதி. ஆனால் ஆர்டர் போட்ட இரவில் அந்த வரி இல்லாதது எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது.

மூன்று பல் கூடினால் மோட்டாரின் ஒவ்வொரு சுற்றுக்கும் சக்கரம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு அதிகம் சுற்றும். நேர்கோட்டில் பறக்கும். வளைவிலிருந்து கிளம்பும்போது திணறும், மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும், கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும். கடைசி நிமிடத்தில் பேட்டரி தளரும். ஆனால் ஹோஸை வளைத்துப் போடுகிறவனும் நான்தானே? நேர்கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினேன். வளைவுகளைக் குறைத்தேன். “பார்க்க நல்லா இருக்கும்” என்று காரணம் சொன்னேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

இதுவரை சொன்னதை ஒரு சின்னத் திருட்டு என்று தள்ளிவிடலாம். அடுத்ததைத் தள்ள முடியாது.

ஒருநாள் தம்பி கேட்டார்: “வளைவுல நான் உங்களப் புடிச்சர்றனுங்ணா. நேர்ல மட்டும் எப்படிங்ணா போகுது?” கேட்டதில் சந்தேகம் துளிகூட இல்லை. கற்றுக்கொள்ளக் கேட்டார். “டேம்பரைப் பாருங்க தம்பி. பெட்டியில வர்றது வெறும் பிளாஸ்டிக், அதுல ஆயில் கிடையாது. ஆயில் டேம்பர் போடுங்க” என்றேன். என் காரில் அது ஏற்கனவே இருந்தது, விதியும் அதை அனுமதித்தது. மேடுபள்ளத்தில் டயர் தரையை விடாமல் இருக்க ஆயில் டேம்பர் உதவும் என்பது உண்மைதான். நேர்கோட்டு வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது எனக்குத் தெரியும். தீபாவளி போனஸ் வந்ததும் வாங்கினார். பலன் தெரியாமல் மறுபடி கேட்டார். பேரிங் மாற்றச் சொன்னேன். அதையும் வாங்கினார்.

அவருடைய காசை மிச்சப்படுத்தத்தான் விதியே எழுதினேன். கடைசியில் என் பொய்யைக் காப்பாற்ற அவரைச் செலவழிக்க வைத்தேன். பிரஷ்லெஸ் மோட்டாரோடு வந்தவர்மீது நாங்கள் எல்லோரும் கோபப்பட்டோமே, அவராவது தன் காசைத்தான் எரித்தார். என்ன வாங்கினார் என்பதையும் எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் ஓட்டினார்.

நான் நிறுத்தியது மனசாட்சி குத்தி அல்ல. சூடு தாங்காமல் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்து கருகியது. புது மோட்டார் கேட்டால், எல்லோருடையதும் நன்றாக ஓடும்போது உங்களுடையது மட்டும் ஏன் போனது என்று யாராவது யோசிப்பார்கள். சத்தமில்லாமல் ஒன்று வாங்கிப் போட்டு, 22 பல்லைத் திரும்ப மாட்டினேன். கழற்றிய பினியன் மேசை டிராயரில் கிடக்கிறது.

அதற்குப் பிறகு தம்பி தொடர்ந்து ஜெயிக்கிறார். நான் நடுவில் எங்கோ வருகிறேன். தன் வெற்றிக்கு அவர் சொல்லும் காரணம் ஆயில் டேம்பர். அது செட்டாகக் கொஞ்ச நாள் எடுத்துக்கொண்டதாம்.

போன மாதம் ஒரு கல்லூரிப் பையன் புதிதாக வந்தான். காரும் ரிமோட்டும் வாங்கிவிட்டான், கையில் கொஞ்சம் காசு மீதி இருக்கிறது, அடுத்து என்ன வாங்கலாம் என்று கேட்டான். “ஆயில் டேம்பர்தான்டா மொதல்ல. அண்ணன் சொல்லித்தான் எனக்கே தெரியும்” என்று தம்பி என்னைக் கை காட்டினார். பையன் என்னைப் பார்த்தான். எந்தக் கடையில் மலிவாகக் கிடைக்கும் என்று சொன்னேன்.