மூன்றாவது இருக்கை

கேளிக்கைப் பூங்காக்களின் ஓட்ட வண்டிகள் பெரும்பாலும் வரிசைக்கு இருவர் அமருமாறு அமைந்தவை. உயரங் குறைந்த குழந்தையுடன் பெரியவர் ஒருவர் அமர்தல் வேண்டும் என்பதும் விதி. இரு பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் எங்கள் கோலா கெத்தில் தோட்டத்துத் தாய் என் செய்வாள்?

பள்ளிச் சுற்றுலா ஒன்றில் அத்தகைய தாயொருத்தி வரிசையினின்று விலகக் கண்டேன். "தம்பி போகட்டும் அம்மா, நான் நிற்கிறேன்" என்றான் மூத்தவன். தனித்து நிற்க விடத்தக்க வயதன்று அவனுக்கு. மூவரும் திரும்பிவிட்டனர்.

விதி கொடியதன்று. இருவர்க்கும் பொதுவாய் மடிமீது இறங்கும் தடுப்புக் கம்பி, பெரியவரின் தொடையில் முட்டி நின்றுவிடும். அருகிருக்கும் சிறுவனுக்கோ நழுவி விழுமளவு இடைவெளி. மடியில் அமர்த்துவதோ இன்னும் இடர். சுழலும் வண்டிகளில் வேறொரு நுட்பம் உண்டு. சுழலுங்கால் உடல் வெளிப்புறம் ஒதுங்கும். ஆதலின் பெரியவர் வெளியோரத்திலும் குழந்தை உட்புறத்திலும் அமர வேண்டும். மாறி அமர்ந்தால் பெரியவர் பிள்ளையை நெருக்கிவிடுவார். அறிவியல் ஆசிரியர்க்கு இதனினும் நல்ல பாடம் கிட்டுமோ?

விதியை விடுத்து இருக்கையை மாற்றலாமே! 1893-இல் சிக்காகோவில் பெர்ரிஸ் எழுப்பிய பெருஞ்சக்கரத்தில் 36 பெட்டிகள். பெட்டிக்கு 60 பேர். நம் கெடா மாநிலத்து லங்காவியில், கேபிள் கார்ப் பெட்டியில் அறுவர் அமர்வர். தாயும் மக்களும் பிரியாமலே 708 மீட்டர் உயரம் ஏகலாம்.

அடுத்த சுற்றுலாவுக்கு, இரு பிள்ளைகளுடன் தனியே வரும் தாயர் ஒவ்வொருவர்க்கும் ஓர் ஆசிரியையைத் துணைசேர்த்துப் பட்டியல் எழுதி வருகிறேன்.